மலை இடது கைப்பக்கம் இருக்கும்போது

பிரேக் பேடு மாட்டத் தெரியாத மெக்கானிக் எங்கள் ஊரில் இல்லை. கிளிப்பை மதிக்கத் தெரிந்தவர்கள்தான் கம்மி. ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ரிட்டயர் ஆனவன் கையில் பேனாவைக் கொடுத்தால் ஊர்க்கதை எல்லாம் வந்துவிடும், படிக்கிற நீங்கள் பாவம். ஆனால் ஒருவருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லி முடிக்கவில்லை என்று தோன்றியது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

கிளிப் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன், பழக்கதோஷம். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இரண்டு பேடு பிடித்து அழுத்துகின்றன, வண்டி நிற்கிறது. அந்தப் பேடு முன்னும் பின்னும் நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணுவதுதான் கிளிப். மெல்லிய தகடு. கையில் வைத்தால் கனமே தெரியாது. புது பேடு வாங்கும்போது கூடவே புது கிளிப்பும் மாற்று என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். பழையது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நம் கை சொல்லும். கை சொல்வதைக் கேட்கிறவன்தான் நல்ல மெக்கானிக் என்று எல்லோரும் சொல்வார்கள். கிளிப் விஷயத்தில் மட்டும் கை பொய் சொல்லும். அதன் விறைப்பு போயிருப்பது பளபளப்பில் தெரியாது.

இனி ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். நம் ஒர்க்‌ஷாப் வேங்கிக்காலில் இருப்பதால், எந்த வண்டிக்கு பிரேக் வேலை செய்தாலும் ஊரை ஒட்டிய அண்ணாமலையை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவருவது நான் சேர்ந்த காலத்திலிருந்தே வழக்கம். ஊருக்குள் போய், செங்கம் ரோட்டில் ஏறி, அடி அண்ணாமலை வழியாக வளைந்து, திரும்ப இங்கே வந்து நிற்க வேண்டும். சாமிக்கும் ஒரு பிரதட்சிணம், வண்டிக்கும் ஒரு சோதனை. புது பேடு தட்டோடு பழகிக்கொள்ளவும் அந்தத் தூரம் சரியாக இருக்கும். வேலூர் ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஊருக்குள்ளே ஆட்டோக்காரர்கள் அடிக்கிற ஹாரனில் சொந்தக் குரலே கேட்காது. வளைவும் வேகமும் அமைதியும் சேர்ந்து கிடைக்கிற ரோடு நமக்கு மலை சுற்றுகிற பாதை ஒன்றுதான்.

அந்தச் சுற்றை எப்போதும் வலமாகத்தான் போவோம். பஸ்ஸும் பால் வண்டியும் அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் போகின்றன, யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் நாம் வேலை முடித்த வண்டியை மலை வலது கைப்பக்கம் இருக்கும்படிதான் எடுத்துப் போவோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. செருப்பை வாசலில் கழற்றுவது போல அப்படியே வந்துவிட்டது.

இந்த நல்ல பழக்கம்தான் எங்களை ஏமாற்றியது.

அப்போது நான் சர்வீஸ் சூப்பர்வைசர். மெக்கானிக்குகளில் பெரிய கை ஏழுமலை. அவரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம், இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். பிரேக் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் ஒரே குறை. அந்த வாரம் அவர் ஒரு டீச்சரின் சின்ன காருக்கு முன் சக்கரங்களின் பேடு மாற்றினார். டீச்சர் வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள். வேலை ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில். தன்னைப்போல மேலே வேலை பார்க்கும் சிலரையும் ஏற்றிக்கொண்டு, போளூர் வழியாகத் தினமும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்கள். சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பேடு மாற்றிய இரண்டொரு நாளில் வந்தார்கள். "சார், எறங்கும்போது ஒரு சத்தம் வருது" என்றார்கள்.

"புது பேடு இல்லீங்களா டீச்சர், பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். இந்தப் பதில் எங்கள் எல்லோர் வாயிலும் ரெடியாக இருக்கும். பாதி நேரம் அது உண்மையும்கூட. இருந்தாலும் ஏழுமலை வண்டியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்தார். ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை நானும் ஏழுமலையோடு ஏறினேன். கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு போனோம். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. வந்து சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். பேடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கிளிப்பும் இருந்தது. கையால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பிரேக் மிதித்து நிறுத்திய வண்டியில் பேடு தட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கும், எப்படி ஆடும்? அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததெல்லாம் தேவையான நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டால் நம் தொழிலில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர். கேபிளோ, டிக்கியில இருக்கிற சாமானோ ஆடியிருக்கும்" என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். போனதும் ஏழுமலை, "மேல தெனமும் பசங்க சத்தத்தக் கேட்டுக் கேட்டு டீச்சருக்கு எங்க போனாலும் சத்தமாத்தான் கேக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதே என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை டீச்சர் வந்தது பௌர்ணமி அன்று.

பௌர்ணமி என்றால் இந்த ஊரில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையிலேயே வெளியூர் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். ஒன்றில் கிளட்ச் போயிருக்கும், ஒன்றில் ரேடியேட்டர் கொதித்திருக்கும். சாயங்காலத்துக்குள் கிரிவலம் ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் வந்தவர்கள் நம் தலையில் வந்து நிற்பார்கள். அன்று ஏழுமலை ஒரு வேனின் அடியில் கிடந்தார். அந்த வேன்காரர்கள் குடும்பத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி போனில், "முடிஞ்சிதா, முடிஞ்சிதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில் இருக்கும். அன்று மூக்கைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் டீச்சர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்கள்.

"மறுபடியும் சத்தமா?" என்றேன். நான் கேட்ட விதம் நல்லாயில்லை என்று எனக்கே தெரிந்தது.

"ஆமா சார். மன்னிச்சிக்கோங்க, கூட்ட நேரத்துல வந்துட்டேன். நாளைக்கு எங்க ஸ்கூல் பசங்களுக்குக் கீழ டவுன்ல உதவித்தொகைப் பரீட்சை இருக்கு. பொண்ணுங்க நாலு பேர். காலைல பஸ்ஸு நேரத்துக்கு வராது. நான்தான் விடிய ஏறிப்போயி அவங்கள ஏத்திக்கினு எறங்கணும். நான் மட்டும்னா பரவால்ல சார். அவங்க அப்பா அம்மாகிட்ட நானே பத்திரமா கூட்டினு போறேன்னு சொல்லியிருக்கேன்."

அவ்வளவு நீளமாக அவர்கள் பேசி அன்றுதான் கேட்டேன். அந்தப் பரீட்சையில் தேறினால் அந்தப் பெண்கள் மேலே படிக்கப் பணம் வரும். அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கப்போகிற காரின் பிரேக் சரியாக இருக்கிறதா என்பதுதான் என் மேஜைக்கு வந்திருக்கிற கேள்வி. இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவையும் சொல்ல வாய் வந்தது. எதிரே வேன்காரர்கள் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

என்னைத் தடுத்தது என் புத்திசாலித்தனம் இல்லை. அவர்களை அனுப்பிவைக்கலாம் என்றுதான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "சத்தம் எப்ப வருதுன்னு கரெக்டா சொல்லுங்க டீச்சர். மிதிக்கும்போதா, விடும்போதா?"

"மிதிச்சா வரல சார். விட்டாத்தான் வருது. அதுவும் எப்பவும் இல்ல." கொஞ்சம் யோசித்தார்கள். "மலை எனக்கு எடது கைப்பக்கம் இருக்கும்போதுதான் வருது."

வேனுக்கு அடியிலிருந்து ஏழுமலையின் சிரிப்பு கேட்டது. "டீச்சர், நம்ம ஊர்ல மலை எப்பவும் வலது கைப்பக்கம்தான்!"

நானும் சிரிக்கப்போனேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. அவர்கள் சொன்னது அவர்களுடைய ஜவ்வாது மலையை. கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது, ரோடு மாறி மாறி மடங்குவதால் மலைச்சுவர் ஒருமுறை இடப்பக்கம் வரும், ஒருமுறை வலப்பக்கம் வரும். மலை இடது பக்கம் இருந்தால் ரோடு அதை ஒட்டி இடப்பக்கமாக வளைந்துகொண்டு போகும். எங்கள் மலையை நாங்கள் எப்போதும் வலது பக்கம் வைத்துச் சுற்றுகிறோம். அப்படியென்றால் எங்கள் சோதனை முழுக்க முழுக்க வலப்பக்க வளைவு. எத்தனையோ வருஷமாக, எத்தனையோ வண்டிகளை, ஒரே பக்கமாக வளைத்துப் பார்த்துவிட்டு "ஓகே" சொல்லி அனுப்பியிருக்கிறோம்!

வலப்பக்கம் வளையும்போது இடது சக்கரத்தின் உள்பக்கப் பேடு தட்டைப் பார்த்துச் சாயும். சாய்ந்தால் சத்தம் இருக்காது. இடப்பக்கம் வளைந்தால்தான் அது தட்டை விட்டு விலகும், பிடிப்பு இல்லாவிட்டால் ஆடும். இது நடக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு.

"ஏழுமலை, வெளிய வா. மலையை எடமா சுத்தப் போறோம்."

அவர் வெளியே வந்தார், முகமெல்லாம் கிரீஸ். "இன்னா சார் சொல்றீங்க? பௌர்ணமி அன்னிக்கு, ஊரே வலமா சுத்துது, நாம எடமாவா? எனக்கு வேணாம் சார். வேன்காரங்க வேற நிக்கிறாங்க."

"அவங்க நிக்கட்டும்."

"மொதலாளி?"

"அவரும் நிக்கட்டும்."

இதை எழுதும்போது வீரமாக இருக்கிறது. சொல்லும்போது, போன் அடிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். மதியத்துக்குமேல் போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டு அந்த ரோட்டில் வண்டியை விடமாட்டார்கள். இப்போது போகாவிட்டால் இல்லை. காத்திருக்கும் வேனை நிறுத்திவிட்டு, சத்தமே இல்லாத ஒரு காரை எடுத்துக்கொண்டு நான் ஊர்வலம் போனேன் என்று முதலாளிக்குத் தெரிந்தால், அப்புறம் என் சூப்பர்வைசர் நாற்காலி ஆடிவிடும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரப்படாத அன்றுதான் என் புத்தி எனக்குச் சந்தேகமாக இருந்தது.

டீச்சரை ஓட்டச் சொன்னேன். சத்தம் கேட்டது அவர்களுக்குத்தான், அவர்கள் ஓட்டுகிற மாதிரி ஓட்டினால்தான் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் கேட்டைத் தாண்டும்போது பின் கதவு திறந்தது. ஏழுமலை ஏறிக்கொண்டார். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "சாமி, வேல விஷயமாத்தான் போறோம், தப்பா நெனச்சிக்காத" என்றார்.

வடக்குப் பக்கமாகக் கிரிவலப் பாதையில் ஏறினோம். சாயங்காலம் வரைக்கும் பொறுக்காதவர்கள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களை நிறுத்தாத குறையாகப் பார்த்தார். பின்னாலிருந்து ஏழுமலை, "அவுரு நம்மளத்தான் பாக்குறாரு சார்" என்றார். "நீ சத்தத்தக் கேளு" என்றேன்.

முதல் வளைவில் ஒன்றும் இல்லை. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. தன் காதின் மேல் தனக்கே நம்பிக்கை போகிற பார்வை அது. தப்பு சொல்கிறோமோ என்று தவிக்கிற மனுஷியை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நாங்கள்தான். "பரவால்லீங்க, நீங்க மலையில எறங்குற வேகத்துக்குப் போங்க" என்றேன்.

கூட்டம் குறைந்த இடம் வந்தது. ரோடு நீளமாக இடப்பக்கம் வளைந்தது. அவர்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்கள்.

டக். டக்டக்.

அவர்கள் லேசாக பிரேக்கைத் தொட்டார்கள், சத்தம் நின்றது. விட்டார்கள். மறுபடியும் டக்டக். கூடவே ஒரு மெல்லிய உரசல், நகத்தால் தகரத்தைக் கீறுகிற மாதிரி.

"நிறுத்துங்க டீச்சர்" என்றார் ஏழுமலை. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். இறங்கி இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, புறங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். எழுந்து அந்தப் பக்கம் போய் வலது சக்கரத்தையும் பார்த்தார். மறுபடியும் இடதுக்கு வந்தார். அவர் முகத்தில் இருந்த தெனாவட்டு எங்கேயோ போயிருந்தது.

"எடது ஜாஸ்தி கொதிக்குது சார். மெதுவா கடைக்குப் போயிடலாம். நானே ஓட்டுறேன்."

திரும்பி வரும்போது மலை எங்களுக்கு வலது கைப்பக்கம் வந்துவிட்டது, சத்தமும் சுத்தமாக நின்றுவிட்டது. வண்டி அவ்வளவு சாதுவாக வந்தது. இத்தனை நாளும் எங்களிடம் இப்படித்தான் நடித்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கடையில் அந்தச் சக்கரத்தை ஏழுமலையே கழற்றினார். உள்பக்கப் பேடை வெளியே எடுத்ததும் தெரிந்தது. அங்கே இருந்தது பழைய கிளிப். புது பாக்கெட்டில் வந்ததில் ஒன்று வளைந்து போயிருந்ததாம். ஒரே ஒரு கிளிப்புக்காக இன்னொரு பாக்கெட் வரும்வரை வண்டியை நிறுத்திவைப்பானேன் என்று, பழையதில் நன்றாக இருந்ததைத் துடைத்து மாட்டியிருக்கிறார். நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது முழுசாகத்தான் இருந்தது. விறைப்பு மட்டும் இல்லை. பேடு ஆடி ஆடி, அதற்குப் பிறகு கிளிப்பின் ஒரு காது, அதாவது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பு, உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு பேடுக்கும் அது உட்காருகிற சட்டத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்க ஆரம்பித்திருந்தது.

முழுக்க இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பேடு பின்னால் வராது, தட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சமதரையில் மைலேஜ் குறையும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் சூடு ஏறி ஏறி, பிரேக் ஆயில் கொதித்து, கடைசியில் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் காருக்குள் யார் யார் இருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அப்புறம் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏழுமலை அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு டீச்சரிடம் போனார். "டீச்சர், உங்களுக்கு சத்தம் கேட்டது சரி. எங்களுக்குத்தான் கேக்கல. என்னை மன்னிச்சிடுங்க" என்றார். வேன்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷனின் கர்வத்தை அறிந்தவன் நான். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

புது பாக்கெட் கடைத்தெருவிலிருந்து வந்தது. இரண்டு சக்கரத்துக்கும் கிளிப் மாற்றி, தட்டைப் பார்த்து, ஆயில் மாற்றி முடித்தார். தடுப்பு போடுவதற்குள் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வர வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "எடமா போயி வலமா வந்துடறேன் சார், சாமி கணக்கும் நேராயிடும்" என்று கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து நம் ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான். ஏன் இரண்டு பக்கமும் போகச் சொல்கிறார்கள் என்று உங்களில் யாராவது முணுமுணுத்திருந்தால், காரணம் இதுதான். வலமாகப் போவது பக்தி, இடமாகப் போவது வேலை. இரண்டும் இருக்கட்டும்.

வேன்காரர்களுக்குத் தாமதம் ஆனது உண்மை. அவர்களில் ஒரு அம்மா என்னிடம் வந்தபோது திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருந்துச்சே, அது போதும் சாமி. நாங்க நெலா வந்தப்புறம் நடந்துக்கறோம்" என்றார்கள். முதலாளியும் எல்லாம் கேட்டுவிட்டு என்னைத் திட்டவில்லை. இப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் நான் வேலை பார்த்தேன். என் அதிர்ஷ்டம் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்திருந்தது, ஆனால் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு போன் பண்ணலாம், ஆனால் மலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு எப்படிப் பண்ணுவது? ஏழுமலை அன்று லீவு, இருந்தும் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

மதியம் கார் வந்தது. பின் சீட்டில் நான்கு பெண்கள், இரட்டைச் சடை, கையில் பரீட்சை அட்டை, ஆளுக்கொரு ஐஸ்கிரீம். ஏழுமலை நேரே சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குந்தினார். இடதில் புறங்கையை வைத்தார், வலதில் வைத்தார். "ரெண்டும் ஒரே மாதிரி" என்று யாருக்கோ சொன்னார். அப்புறம்தான் நிமிர்ந்து அந்தப் பெண்களைப் பார்த்து, "பரீட்ச எப்படி எழுதுனீங்க?" என்றார். "கணக்குதான் கஷ்டம்" என்றாள் ஒருத்தி, ஐஸ்கிரீமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீச்சர் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க நன்றி சொல்லக்கூடாதுங்க, நாங்கதான் சொல்லணும். ரெண்டு தடவ ஒண்ணும் இல்லன்னு அனுப்பியும் மூணாவது தடவ வந்தீங்க பாருங்க, அதுக்கு" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். "நான் வரல சார். நேத்து கேட்டுக்கு வெளிய ரோட்டோரமா கார நிறுத்திட்டு ரொம்ப நேரம் உள்ளயே ஒக்காந்திருந்தேன். மறுபடியும் போயி நின்னா இன்னா நெனப்பாங்களோன்னு இருந்துச்சி. அவ்ளோ பேரு வேல செய்றவங்க சொல்றாங்க, நமக்குத்தான் பிரமையா இருக்கும்னு முடிவு பண்ணிட்டு, திரும்பிப் போக ஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். அப்பத்தான் உங்க வாட்ச்மேன் வந்து கண்ணாடியத் தட்டி, 'வாங்கம்மா, உள்ள வாங்க'ன்னு கேட்டத் தொறந்து விட்டாரு. அவுரு கூப்டும்போது எப்படி சார் போறது? அதான் வந்துட்டேன்."

அவர்கள் போன பிறகு நான் கேட்டுக்குப் போனேன். எங்கள் வாட்ச்மேன் அடி அண்ணாமலைக்காரர், வயல் வேலை இல்லாத நாட்களில் இங்கே உட்காருகிறவர். பிரேக் என்றால் என்ன, கிளட்ச் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. சைக்கிளில் வந்து சைக்கிளில் போவார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நேத்து அந்த டீச்சர உள்ள கூப்ட்டீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டதோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா வெயில்லயே ஒக்காந்திருந்தாங்க சார்" என்றார். "உள்ள நெழல்ல ஒரு எடம் காலியா இருந்துச்சி. அதான் கூப்ட்டேன்."